தொலைநகல் அனுப்பும் செலவு: திருத்தணி வியாபாரிகளுக்கு ஒரு யோசனை

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் ரயில் பாதையில், ஆந்திர எல்லைக்கு வெகு அருகில் அமைந்திருக்கும் திருத்தணி, முருகப் பெருமானின் ஐந்தாம் படைவீடு என்ற பெருமையால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். ஆயினும் அதன் கடைவீதியில் நடக்கும் வியாபாரத்தைச் சற்றே நின்று கவனிப்பவர்களுக்கு, அது இரண்டு மாநிலங்களின் கடிதப் போக்குவரத்து சந்திக்கும் இடமாகவும் தென்படும். நகரியிலும் புத்தூரிலும் உள்ள விசைத்தறிக்காரர்களோடும், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு நெசவாளர்களோடும் கணக்கு வைத்திருக்கும் ஜவுளி வியாபாரிகள், லாரி ஆபீஸ்காரர்கள், ஆடிக் கிருத்திகைக்கும் முகூர்த்த நாட்களுக்கும் அறைகளை முன்கூட்டியே ஒதுக்கித் தரும் விடுதிக்காரர்கள், அரிசி ஆலை நடத்துபவர்கள் ஆகிய எல்லோரிடமும் இன்று மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பில் போடுவதும் வரி கட்டுவதும் அதிலேயே நடக்கின்றன. இருந்தும், ஏதோ ஒரு காரியாலயமோ, காப்பீட்டுக் கம்பெனியோ, வெளிநாட்டு வாடிக்கையாளரோ, கையெழுத்திட்ட கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்புங்கள் என்று கேட்டுவிடும்போது, எந்த யந்திரத்தை வாங்கினால் செலவு குறையும் என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வியைக் கேட்கும் முறையிலேயே ஒரு பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றுவதால், அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லையோரத்து ஊர் என்பது இந்த விஷயத்தில் வெறும் பூகோளச் செய்தியன்று. ம.பொ. சிவஞானம் அவர்கள் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, சித்தூருக்குச் சென்றுகொண்டிருந்த மனுக்களும் பத்திரங்களும் சென்னைப் பக்கம் திரும்பின. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானதும் அவை இன்னொரு முறை திசை மாறின. சர்க்கார் கடிதங்களின் திசை மாறிய அளவுக்கு வியாபாரத்தின் திசை மாறவில்லை. நூலும் துணியும் அரிசியும் எல்லையைத் தாண்டிப் போய் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இவ்வூர் வியாபாரி இரண்டு ராஜ்யங்களின் காரியாலயங்களுக்கும், இரண்டு விதமான பழக்கங்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கிறார். 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு மின்னணு வழிச்சீட்டு நடைமுறைக்கு வந்தபின் இதில் பெரும்பகுதி இணையத்துக்குப் போய்விட்டது. எஞ்சியிருக்கும் சிறுபகுதிதான் தொலைநகலைக் கேட்கிறது.

இனி, என் அபிப்பிராயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். தொலைநகலில் செலவு என்பது யந்திரத்தின் விலையில் இல்லை. அந்த யந்திரத்துக்காக மாதந்தோறும் கட்டிவரும் தொலைபேசி இணைப்பின் வாடகையில் இருக்கிறது. யந்திரத்தின் விலையை ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். வாடகையோ, ஒரு பக்கம்கூட அனுப்பாத மாதத்திலும் பில்லாக வந்து நிற்கும். மாத வாடகை 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, மாதத்துக்கு நான்கு பக்கங்கள் அனுப்பும் ஒரு கடைக்காரரின் கணக்கைப் பார்த்தால், பக்கம் ஒன்றுக்கு 50 ரூபாய் ஆகிறது. அதே இணைப்பில் நாளொன்றுக்கு இருபது பக்கம் அனுப்பும் லாரி ஆபீஸ்காரருக்கு, மாதம் 25 வேலை நாள் என்று கொண்டால், பக்கத்துக்கு 40 பைசாதான் விழுகிறது. ஒரே யந்திரம், ஒரே வாடகை, ஆனால் ஒருவருக்கு விரயமாகவும் மற்றவருக்கு லாபமாகவும் முடிகிறது. ஃபேக்ஸுக்கென்றே ஒரு தனி இணைப்பை வைத்துக்கொண்டு எப்போதோ ஒரு கடிதம் அனுப்புவது, ஒரு முகூர்த்தத்துக்காகக் கல்யாண மண்டபத்தை ஆண்டு முழுவதும் வாடகைக்கு எடுத்து வைப்பதைப் போன்றது. ஆதலால், யந்திரத்தின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், சென்ற ஆறு மாதத்தில் எத்தனை பக்கங்கள் எவரெவருக்குப் போயின, அவர்களில் எத்தனை பேர் மெயிலை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே முதல் வேலை.

பேச்சுக்காகவே லேண்ட்லைன் வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் பழைய செம்புக் கம்பி இணைப்பாக இருந்தால், வழி மிகவும் எளியது. அவர்கள் தனி யந்திரம் வாங்க வேண்டியதே இல்லை. யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ஃபேக்ஸ் மோடம் ஒன்று போதும். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ‘ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்’ என்னும் நிரல் அதற்குப் பின் வந்த விண்டோஸ்களிலும் தொடர்ந்து கிடைப்பதால், நிரலுக்கென்று காசு கொடுக்க வேண்டுவதில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஹைலாஃபேக்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. ஓர் அலுவலகத்தின் பத்துக் கம்ப்யூட்டர்களும் ஒரே மோடத்தைப் பகிர்ந்துகொள்ள அது இடம் தரும். பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த ஆல்-இன்-ஒன் கருவியை எப்படியும் வாங்கப் போகிறவர்கள், ஃபேக்ஸ் இணைப்புள்ள மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் அதே வசதி கிடைக்கும். கடிதத்தை அச்சடிக்கக் கட்டளையிடும் இடத்தில் பிரிண்டருக்குப் பதிலாக ஃபேக்ஸைத் தேர்ந்தெடுத்து எண்ணைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. தெர்மல் ரோல் வாங்கும் செலவும், அந்த ரோலில் வந்த எழுத்து நாளடைவில் மங்கிக் கடைசியில் வெற்றுத் தாளாகப் போய்விடும் துன்பமும் இதில் இல்லை. அழைப்புக் கட்டணமும் இன்று பொருட்டன்று. தூரத்துக்கேற்ப மீட்டர் ஓடிய காலத்துக்கு 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். கொணர்ந்த, நாடெங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற ‘ஒன் இந்தியா’ திட்டம் முடிவு கட்டியது. இப்போதுள்ள பல திட்டங்களில் பேச்சுக்கு வரம்பே கிடையாது. வரும் கடிதங்களையும் இதே வழியில் பெற வேண்டுமானால் கம்ப்யூட்டர் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும் என்பது ஒன்றே குறை. அனுப்புவது மட்டும் அவசியமான கடைகளுக்கு அக்குறையும் இல்லை.

கம்ப்யூட்டரிலிருந்து நேராக அனுப்புவதில் வேறொரு நன்மையும் உண்டு; அதைப் புரிந்துகொள்ள இந்த வித்தை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அறிய வேண்டும். ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் பெய்ன் 1843-இல் காப்புரிமை பெற்ற யோசனையிலும், இத்தாலியப் பாதிரியார் கசெல்லி 1865-இல் பாரீஸுக்கும் லியோனுக்குமிடையே நடத்திக் காட்டிய தந்திப் படச் சேவையிலும், நம் கடைவீதி யந்திரத்திலும் அடிப்படை ஒன்றுதான். பக்கத்தைக் குறுக்குக் கோடுகளாகப் பிரித்து, கோட்டுக்குக் கோடு எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்று சொல்லி அனுப்புவதே அது. உலக நாடுகளெல்லாம் ஒப்புக்கொண்டு 1980-இல் வகுத்த மூன்றாம் பிரிவு விதிகளின்படி ஒரு கோட்டுக்கு 1728 புள்ளிகள். அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல், இத்தனை வெள்ளை, பிறகு இத்தனை கறுப்பு என்று தொகுத்து அனுப்புவதால், வெள்ளை மிகுந்த பக்கம் விரைவாகப் போய்விடும். சாம்பல் நிறப் பின்னணியும், நிழலடித்த முத்திரையும், தலைப்பில் வண்ணப் படமும் உள்ள பக்கம் நகராது. ஸ்கேனரில் வைத்து எடுக்கும்போது காகிதத்தின் மடிப்பும் அழுக்கும்கூடக் கறுப்புப் புள்ளிகளாகிப் பயணம் செய்கின்றன. கம்ப்யூட்டரிலேயே தயாரித்த கடிதமோ சுத்தமாக, சீக்கிரமாகச் சென்றடைகிறது.

தமிழில் கடிதம் எழுதுபவர்கள் இங்கே கட்டாயமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சாதாரண நிலையில் அங்குலத்துக்கு 98 கோடுகள்தான் அனுப்பப்படுகின்றன. அந்த அடர்த்தியில் சிறிய எழுத்தின் மேலுள்ள புள்ளி அழிந்துபோகும், ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தோன்றும். சிறிய எழுத்தில் அச்சிட்ட பத்திரத்தை அப்படியே அனுப்பிவிட்டு, எதிர்த்தரப்பார் பெயரைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று வருந்துவதில் பயனில்லை. ‘ஃபைன்’ என்ற நிலைக்கு மாற்றினால் கோடுகள் 196 ஆகும், நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கும். எழுத்தின் அளவை 14 பாயிண்டுக்கு உயர்த்தினால் சாதாரண நிலையிலேயே பெரும்பாலும் தெளிவாக விழும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த அளவுகளில் நம் மொழியின் கடிதத்தைச் சிதையாமல் அனுப்புவது நம் பொறுப்பாகிவிட்டது. அந்தப் பொறுப்பை மெயில் கேட்பதில்லை என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

செம்புக் கம்பியை அகற்றி ஃபைபர் இணைப்புக்கு மாறிவிட்டவர்களின் நிலை வேறு. அந்த இணைப்பில் பேச்சு, சிறுசிறு தகவல் பொட்டலங்களாக மாற்றப்பட்டு இணையத்தின் வழியே செல்கிறது. மனிதக் குரலுக்கு ஏற்றபடி ஒலியைச் சுருக்கும் முறைகள் சிலவற்றில் காதுக்குத் தெரியாத இழப்பு நேர்கிறது. நம் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு மாத்திரை பிசகினாலும் தடுமாறும் மோடத்தின் ஒலிக் குறிகள் பொறுத்துக்கொள்ளா. மொபைல் போனின் சிம் கார்டை வைத்து ஃபேக்ஸ் அனுப்பப் பார்ப்பவர்கள் தோல்வியுறுவதும் இதே காரணத்தால்தான். இதற்குப் பரிகாரமாக 1998-இல் டி.38 என்ற சர்வதேச விதி வகுக்கப்பட்டது. உங்கள் இணைப்பைத் தருபவரிடம், இந்த இணைப்பில் ஃபேக்ஸ் போகுமா, டி.38 உண்டா என்று கேட்டு, ஆம் என்ற பதிலைப் பெற்று, முடிந்தால் ஒரு பக்கத்தை அனுப்பிப் பார்த்துவிட்டு, அதன்பின் மோடம் வாங்குவதே விவேகம். பக்கம் பாதியில் அறுந்து, மறுபடி மறுபடி அனுப்பி, ஒரு குமாஸ்தாவின் பிற்பகல் முழுவதும் கழிவதும் ஒரு செலவுதான். எந்தப் பில்லிலும் அது வராததால் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

மோடமும் வேண்டாம், லேண்ட்லைனும் வேண்டாம் என்று, இணையத்தின் மூலமே தொலைநகலை அனுப்பிக் கொடுக்கும் நிறுவனங்களை நாடுபவர்களும் உண்டு. கடிதத்தை மெயிலுடன் இணைத்து அனுப்பினால், அவர்களுடைய யந்திரம் அதை ஃபேக்ஸாக மாற்றி, உரிய எண்ணுக்குச் சேர்த்துவிடும். ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ அடிக்கடி அனுப்ப வேண்டிய ஏற்றுமதியாளருக்கு இது சிலாக்கியமான வழி. ஆனால் அவற்றில் பல அந்நிய நாட்டு நிறுவனங்கள். சந்தா டாலரில் மாதாமாதம் கழியும். முன்னே சொன்ன வாடகைக் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். இலவசம் என்று சொல்பவை பக்கங்களுக்கு வரம்பு வைக்கின்றன, முதல் பக்கத்தில் தம் விளம்பரத்தையும் அச்சிடுகின்றன. பாங்கிக்கு எழுதும் கடிதத்துக்கு அது கௌரவமாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளரின் கணக்கு எண்ணும் ஆதார் நகலும் அடங்கிய தஸ்தாவேஜு முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் தங்குகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய கடிதத்தை இலவச வழியில் அனுப்புவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

மாதத்தில் ஒன்றிரண்டு பக்கமே அனுப்புகிறவருக்கு, ஃபேக்ஸ் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை ஒன்று பக்கத்தில் இருக்குமானால் அதுவே எல்லாவற்றிலும் மலிவு. எஸ்.டி.டி. பூத்துகள் செழித்திருந்த காலத்தில் அந்தச் சேவை தெருவுக்குத் தெரு கிடைத்தது. பூத்துகள் மறைந்தபின் அது அருகிவிட்டது. இந்தக் குறையை ஈடு செய்ய நான் ஒரு யோசனை சொல்வேன். ஒவ்வொரு கடையும் தனித்தனியே இணைப்பும் யந்திரமும் வைத்து வாடகை கட்டுவதைவிட, வியாபாரிகள் சங்கமே தன் அலுவலகத்தில் ஓர் இணைப்பும், ஒரு பழைய கம்ப்யூட்டரும், ஒரு மோடமும் வைத்து, அங்கத்தினர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கி அனுப்பித் தரலாம். வரும் கடிதங்களைப் பெற்று உரியவருக்கு உடனே மெயிலில் சேர்த்துவிடலாம். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் அத்தாட்சித் தாளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்துவந்தால், பின்னால் வழக்கு வியாஜ்யம் என்று வரும்போது அதுவே சாட்சியாகும்.

அத்தாட்சி என்றதும் இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 நவம்பர் 21-ஆம் தேதி, ஜம்மு காஷ்மீரில் ஆட்சி அமைக்க உரிமை கோரி மெஹபூபா முஃப்தி ராஜ்பவனுக்குத் தொலைநகல் அனுப்ப முயன்றபோது அது போய்ச் சேரவில்லை. அவர் அக்கடிதத்தை இணையத்தில் பகிரங்கமாக வெளியிட்டார். அன்று இரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டசபையைக் கலைத்தார். விடுமுறை நாளாதலால் யந்திரத்தைக் கவனிக்க ஆளில்லை என்று பிறகு விளக்கம் கூறினார். ஒரு ராஜ்யத்தின் தலைவிதியோடு சம்பந்தப்பட்ட கடிதத்துக்கே இந்தக் கதி நேருமானால், ஒரு விடுதிக்காரரின் கடிதமோ நெசவாளரின் விண்ணப்பமோ மறுமுனையில் ஆளில்லாத அறையில் மணியடித்து ஓய்வதை யார் கேட்கப் போகிறார்கள்? மற்றொன்று பட்டு வியாபாரத்தில் எழுந்த வழக்கு. பெங்களூர்ப் பட்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, காசோலை திரும்பிவிட்டதென்று 1996 ஜூன் மாதத்தில் அமெரிக்க நிறுவனமொன்றுக்கு ஃபேக்ஸில் நோட்டீஸ் அனுப்பியது. பதிவுத் தபாலிலும் அனுப்பியது. வழக்குத் தொடுக்கும் கெடு தபால் சேர்ந்த நாளிலிருந்தா, ஃபேக்ஸ் சேர்ந்த நாளிலிருந்தா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஃபேக்ஸில் அனுப்பிய நோட்டீஸும் சட்டப்படி செல்லும், ஆகவே கெடு அன்றே தொடங்கிவிட்டது, வழக்குத் தாமதமாகத் தொடுக்கப்பட்டது என்று 1999-இல் தீர்ப்பாயிற்று. யந்திரம் தரும் அத்தாட்சித் தாள் எதிர் யந்திரம் பக்கத்தைப் பெற்றுக்கொண்டது என்பதை மட்டுமே சொல்கிறது; அதை ஒருவர் கையில் எடுத்தாரா, படித்தாரா என்பதைச் சொல்வதில்லை. ஆயினும் நாள் கணக்கு அந்தத் தாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடலாம். ஆகையால் முக்கியமான கடிதத்தை அனுப்பியவர் உடனே தொலைபேசியில் அழைத்து, பக்கங்கள் முழுவதும் தெளிவாக வந்தனவா என்று விசாரித்து, யாரிடம் பேசினோம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

இவ்வளவு முயற்சியும் எதற்காக என்று கேட்டால், கேட்கும் காரியாலயங்கள் பழக்கத்தை விடாததற்காக என்பதே பதில். இங்கிலாந்தில் 2019 ஜனவரி முதல் அரசு ஆஸ்பத்திரிகள் புதிய ஃபேக்ஸ் யந்திரம் வாங்கக் கூடாதென்று தடை பிறந்தது. ஜப்பானில் 2021-இல் அமைச்சர் கோனோ தாரோ சர்க்கார் இலாகாக்களில் அதை ஒழிக்க முனைந்தபோது, பல இலாகாக்கள் ஆட்சேபம் தெரிவித்துத் தடுத்தன. பழக்கத்தின் பலம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். நம் நாட்டில் சட்டம் பின்தங்கியிருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் அங்கீகாரம் தந்தது. மின்னணுக் கடிதம் எப்போது அனுப்பப்பட்டதாக, எப்போது பெறப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதையும் அதன் 13-ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தஸ்தாவேஜை மின்னணு வடிவில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று எந்தச் சர்க்கார் இலாகாவையும் வற்புறுத்தும் உரிமையை முந்தைய பிரிவுகள் ஒருவருக்கும் அளிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறது. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே அழைக்கும் அதிகாரம் மட்டும் வீட்டுக்காரரிடமே இருக்கிறது. ஆகவே செலவு முழுவதும், கேட்கிறவரை விட்டு, கொடுக்கிற சிறு வியாபாரியின் தலையில் விழுகிறது. இது நியாயமன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை மாற்றப் புதிய சட்டம் தேவையில்லை. எந்தெந்த விண்ணப்பத்தை எந்த மின்னணு வடிவில் பெறலாம் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 90-ஆம் பிரிவு மாநில சர்க்காருக்கு ஏற்கெனவே அளித்திருக்கிறது. ஃபேக்ஸ் எண்ணை அச்சிடும் ஒவ்வொரு மாநிலக் காரியாலயமும் அதனருகே ஒரு மெயில் முகவரியையும் அச்சிட வேண்டும். அம்முகவரிக்கு வரும் கையொப்பமிட்ட கடிதத்துக்கு ஃபேக்ஸுக்குரிய மதிப்பை அளிக்க வேண்டும். பெற்றுக்கொண்ட அன்றே ஒரு வரிசை எண்ணோடு பதில் அனுப்ப வேண்டும் என்று தமிழ்நாடு சர்க்கார் ஒரு விதியை வெளியிட்டால் போதும். அது வரும் வரையில், யந்திரத்தைக் கவனிக்க ஆளில்லாத காரியாலயங்கள் தம் கடிதத் தலைப்பிலிருந்து அந்த எண்ணையாவது எடுத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.